‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதியவள்

போன வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸில் கேக் வெட்டினோம். காயத்ரிக்குப் பிரிவு உபசாரம்.

எங்கள் மேனேஜர் ஷாஜி சார் கையில் பேப்பர் கப்பைப் பிடித்துக்கொண்டு பேசினார். “நம்ம டீம்ல இருந்தவங்கள்ல ரொம்பத் தெளிவா எழுதுற ஆள் காயத்ரி. இவங்க எழுதுறதை எல்லாரும் கண்டு படிக்கணும், கேட்டோ?”

கண்டு படிப்பது என்றால் மலையாளத்தில் பார்த்துக் கற்றுக்கொள்வது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எந்த எழுத்தைக் கண்டு படிக்கச் சொன்னாரோ, அந்த எழுத்தால்தான் அவள் போகிறாள்... அது அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் கையேடு எழுதுவது என் வேலை. ‘இந்தப் பட்டனை அழுத்தினால் இது நடக்கும்’ என்று எழுதுவார்களே, அதுதான். நான் புரோகிராம் எழுதுகிறவள் இல்லை. எழுதுகிறவர்கள் என்ன செய்தார்கள் என்று அவர்கள் பின்னாலேயே அலைகிறவள்.

அப்படி அலைகிறவளுக்கு ஒரே துணை கமிட் மெசேஜ்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ஒரு புரோகிராமைப் பல பேர் சேர்ந்து எழுதுவார்கள். இன்று ஒருவர் ஒரு வரியை மாற்றுவார். நாளை இன்னொருவர் வேறு வரியை நீக்குவார். மாற்றுகிறவர் ஒவ்வொரு முறையும் பொதுவில் சேர்க்கும்போது, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று இரண்டு வரி எழுத வேண்டும். பிறகு வருகிறவர் அதைப் படித்துப் புரிந்துகொள்வார். எளிய ஏற்பாடு. இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியுமா?

ஆனால் எழுதுகிறவர்கள் மனிதர்களாயிற்றே! ‘சரி செய்தது’ என்று ஒருவர் எழுதுவார். அடுத்தது — ‘மறுபடியும் சரி செய்தது’. அதற்கடுத்து — ‘இப்போது நிஜமாகவே சரி’. எல்லாம் ஆங்கிலத்தில்தான், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன். எதைச் சரி செய்தார், ஏன் சரி செய்தார்? அது அவருக்கும் கடவுளுக்கும் வெளிச்சம். கொஞ்ச நாள் போனால் அவருக்கும் மறந்துவிடும்.

காயத்ரி அப்படி எழுத மாட்டாள்.

அவள் கரமனைக்காரி. நானும் அந்தப் பக்கம்தான். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் ஆபீஸ் போவோம். பஸ்ஸில் அதிகம் பேச மாட்டாள். எழுத ஆரம்பித்தால் மட்டும் எதிரே உட்கார்ந்து சொல்வது போல இருக்கும். ஒரு முறை இப்படி எழுதியிருந்தாள்: ‘பெயர்ப் பட்டியல் வரிசை தப்பாக வருகிறது. இங்கே பெயருக்குப் பின்னால் இனிஷியல் போடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் முன்னால் போடுகிறார்கள். அதனால் நிறைய முருகன்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். இனி இனிஷியலை விட்டுவிட்டு வரிசைப்படுத்தும்.’

கையேட்டில் நான் என்ன எழுத வேண்டும் என்று யாரிடமாவது கேட்க வேண்டியிருந்ததா? இல்லை.

நாங்கள் செய்துகொண்டிருந்தது டயாலிசிஸ் மையங்களுக்கான சாஃப்ட்வேர். ஒரு டிரஸ்ட் நடத்தும் மையங்கள். யாருக்கு எந்த நாள், எந்த ஷிஃப்ட் என்று நோயாளியின் ஃபோனுக்கு மெசேஜ் போகும். நேரம் மாறினாலும் போகும். அவ்வளவுதான் வேலை. ஆனால் வாரத்தில் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியவருக்கு, அந்த மெசேஜ் சாதாரண விஷயமா?

அந்தப் புரோகிராமில் ஓரிடத்தில் ஒரு விநோதமான வரி இருந்தது. ஒரு மெசேஜ் அனுப்பியதும் கொஞ்சம் சும்மா இரு. பிறகு அடுத்ததை அனுப்பு. இதுதான் அந்த வரி. எல்லோரும் வேகம் வேகம் என்று பறக்கிற காலத்தில், கம்ப்யூட்டரைச் சும்மா இருக்கச் சொல்லும் வரி! அதனால் எல்லா மெசேஜும் போய் முடிய வெகு நேரம் ஆனது. மையங்களிலிருந்து புகார் வந்தது. காரணத்தைப் பார்க்கும்படி காயத்ரியிடம் சொன்னார்கள்.

அவள் பழைய கமிட் மெசேஜ்களைத் தோண்டிப் பார்த்தாள். அந்த வரியைச் சேர்த்தவர் பினு. அதற்கு அவர் எழுதியிருந்தது — ‘சின்ன மாற்றம்’.

அவ்வளவுதான்.

பினு எங்கள் டீமில் மூத்தவர். கெட்டிக்காரர். அம்மா களியக்காவிளைக்காரர் என்பதால் என்னிடம் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அந்த வாரம் மனைவியின் பிரசவத்துக்காகக் கொல்லம் போயிருந்தார். காயத்ரி அவருக்கு ஃபோன் செய்தாள்; எடுக்கவில்லை. பிரசவ வார்டில் நிற்கிற மனுஷனை எத்தனை தடவை கூப்பிடுவது? டீம் குரூப்பில் கேட்டாள்: ‘இந்த வரி எதற்கு, யாருக்காவது தெரியுமா?’ இரண்டு நாள் காத்திருந்தாள். பதில் இல்லை. ஒருவர் கட்டை விரல் படம் போட்டிருந்தார். அது ஆமாவா, இல்லையா... தெரியாது.

அந்த வரியை எடுத்தாள். எடுத்துவிட்டு எழுதினாள்:

‘மெசேஜ் தாமதமாகப் போவதற்கு இந்தக் காத்திருப்பே காரணம். இது ஏன் வைக்கப்பட்டது என்று தெரியவில்லை. குரூப்பில் கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. எடுத்துவிடுகிறேன். எடுத்த பிறகு ஏதாவது தப்பாக நடந்தால் இந்த ஒரு வரியைத் திரும்ப வைத்தால் போதும்.’

இதைவிட நேர்மையாக ஒருவர் எழுத முடியுமா? என்ன செய்தாள், ஏன் செய்தாள், எது தெரியாது, தப்பானால் என்ன செய்ய வேண்டும்... எல்லாம் இருந்தது. இன்னொருவர் அதைப் படித்து, சரி என்று ஒப்புதலும் கொடுத்தார். மெசேஜ்கள் பறந்தன. மையங்கள் பாராட்டின.

அப்புறம் ஒரு ஹர்த்தால் வந்தது.

முந்தின நாள் சாயங்காலம்தான் அறிவித்தார்கள். காலையில் பஸ் ஓடாது, ஆட்டோ ஓடாது. அதனால் டிரஸ்ட் காலை ஷிஃப்டை மாலைக்கு மாற்றியது. எல்லா மையங்களின் நோயாளிகளுக்கும் ஒரே நேரத்தில் மெசேஜ் அனுப்பச் சொன்னது. எங்கள் சாஃப்ட்வேர் கண் மூடித் திறப்பதற்குள் அனுப்பியது. திரையில் எல்லாப் பெயருக்கும் நேரே ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் வந்தது.

அனுப்பப்பட்டது உண்மை. போய்ச் சேரவில்லை. மெசேஜ்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனி, ஒரேயடியாகக் குவிந்தால் ஒரு அளவுக்கு மேல் வருவதைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். அதற்காகத்தான் அந்தக் காத்திருப்பு. அந்தக் காரணம் எங்கள் ஆபீஸில் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. பினுவின் மண்டையில்.

மெசேஜ் கிடைக்காதவர்களில் ஒருவர் முருகேசன். வள்ளியூர் பக்கத்து ஆள். இங்கே திருவனந்தபுரத்தில், தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். சிறுநீரகம் பழுதான பிறகு நெருப்பின் பக்கம் நிற்க முடியாமல், அங்கேயே காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஹர்த்தால் காலையில் வண்டி இல்லாததால் மையம் வரை நடந்தே போயிருக்கிறார். கேட் பூட்டியிருந்தது. இன்று கடை, பஸ் எல்லாம் அடைப்பு. இதுவும் அடைப்பு போல என்று நினைத்து அந்த வெயிலில் திரும்பி நடந்துவிட்டார். சாயங்காலம் மையத்திலிருந்து கூப்பிட்டபோது ஃபோன் அணைந்து கிடந்திருக்கிறது.

அன்று ராத்திரி மூச்சு விட முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார்.

பிழைத்துவிட்டார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நாட்களில் எங்களுக்கு அது தெரியாதே!

விசாரணைக் கூட்டம் நடந்தது. டிரஸ்ட் ஆட்கள் வீடியோவில் வந்தார்கள். ஷாஜி சார் திரையில் காயத்ரியின் கமிட் மெசேஜைப் போட்டார். சத்தமாகப் படித்தார். ‘ஏன் வைக்கப்பட்டது என்று தெரியவில்லை’ என்ற வரியை மட்டும் இரண்டாவது முறை படித்தார்.

“காயத்ரி, நீங்களே எழுதியிருக்கு. தெரியல்லான்னு. தெரியாத காரியத்தை எதுக்கு எடுத்தீங்க?”

“கேட்டேன் சார். குரூப்ல கேட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லலை.”

“ஒண்ணும் சொல்லல்லேன்னா அப்படியே விட வேண்டியதுதானே?”

நான் குறுக்கே பேசினேன். “சார், அந்த வரியை வெச்சப்போ காரணம் எழுதியிருந்தா இது நடந்திருக்காதே? பழைய கமிட் மெசேஜையும் கொஞ்சம் பாருங்க.”

ஷாஜி சார் என் முகம் பார்க்காமல் சொன்னார்: “அது பண்டத்தெ காரியம். இப்ப நடந்ததைப் பார்ப்போம்.”

பண்டத்தெ காரியம். பழைய கதை! ‘சின்ன மாற்றம்’ என்ற இரண்டு வார்த்தையில் என்ன குற்றம் கண்டுபிடிக்க முடியும்? பிடித்து இழுக்க அதில் ஒரு நுனிகூட இல்லை. காயத்ரி எழுதியதிலோ பிடிப்பதற்கு வாக்கியம் வாக்கியமாக இருந்தது. அவளே நீட்டிய கை... அதையே பிடித்து முறுக்கினார்கள்.

கொல்லத்திலிருந்து திரும்பியிருந்த பினுவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். ஷாஜி சார் திரையை மேலும் கீழும் நகர்த்தியபோது, அந்தப் பழைய வரிக்குப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டார். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். வாயைத் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் டிரஸ்ட்காரர் வேறு ஏதோ கேட்டார். பேச்சு மாறிப் போனது.

அறிக்கையில் ‘காரணம் அறியாமல் ஊழியர் ஒருவர் செய்த மாற்றம்’ என்று எழுதி அனுப்பினார்கள்.

அந்த வாரமே காயத்ரி முருகேசனைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆபீஸில் யாரிடமும் சொல்லவில்லை. துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். போனோம். அவர் வார்டுக்கு மாறியிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி செல்வி உட்கார்ந்திருந்தார். மெசேஜ் அனுப்பும் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து வருகிறோம் என்றதும் செல்விக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஒரு மெசேஜு ஒழுங்கா அனுப்ப முடியாதாம்மா? அதை நம்பித்தான இருக்கோம்? இவுக வேகாத வெயில்ல போயி, பூட்டுன கேட்டைப் பாத்துட்டு திரும்பி வந்திருக்காவ. ராத்திரி பூரா மூச்சு கெடந்து இழுக்கு. நான் யாரைப் போயிக் கேக்க? சொல்லுங்க, யாரைக் கேக்க?”

சாஃப்ட்வேர் கோளாறு, மெசேஜ் கம்பெனியின் விதி, பழைய ஆள் குறிப்பு எழுதாதது... சொல்வதற்கு எத்தனை இருந்தது! எல்லாமே உண்மையும்கூட.

காயத்ரி சொன்னாள்: “என்னைக் கேளுங்கோ. நான்தான் அந்த வரியை எடுத்தேன்.”

செல்வி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வரி என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் நான்தான் என்று ஒருத்தி எதிரே நிற்பது மட்டும் புரிந்தது. “ஒங்களைக் கேட்டு இப்ப என்ன ஆவப் போவுது?” என்று முணுமுணுத்துவிட்டுக் கணவரின் போர்வையைச் சரி செய்யப் போனார்.

முருகேசன் மட்டும் மெதுவாகக் கேட்டார்: “இனிமே மெசேஜ் வருமா?”

“வரும்.”

வெளியே பஸ் ஸ்டாப்பில் நின்றபோது காயத்ரி சொன்னாள்: “அக்கா, அவா இன்னும் நன்னா திட்டியிருக்கலாம்.”

பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை. அப்படிச் செய்தால்தான் பாவமாயிற்றே! ‘அவளுடைய நல்லதுக்காக’ வேறு டீமுக்கு மாற்றினார்கள். யாருக்கும் பெரிதாகத் தேவைப்படாத ஏதோ ஒரு ரிப்போர்ட் வேலை.

அதற்குப் பிறகு எங்கள் டீமில் ஒரு மாற்றம் வந்தது. இனிமேலாவது எல்லோரும் காரணத்தோடு எழுத ஆரம்பிப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நடந்தது நேர்மாறு. ஓரளவு ஒழுங்காக எழுதிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சுருங்கிப் போனார்கள். ‘மாற்றம்’. ‘பேசியபடி’. ‘சொன்னபடி’. யார் பேசியது, யார் சொன்னது? என் கையேட்டுக்காக ஒவ்வொருவர் நாற்காலிக்கும் போய் நின்று கேட்க வேண்டியிருந்தது. ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சேச்சி, எழுதினா அல்லே பிரச்னை? வாயால சொல்றேன், கேட்டுக்கோ.”

எடுத்த அந்த வரியை ஹர்த்தால் முடிந்த மறுநாளே யாரோ அவசரமாகத் திரும்ப வைத்துவிட்டார்கள். அதற்கு எழுதிய மெசேஜ் என்ன தெரியுமா? ‘பழையபடி’. ஒரு மனிதரின் உயிர் ஊசலாடி முடிந்த பிறகும், அந்த வரி ஏன் இருக்கிறது என்று அங்கே எழுதியிருக்கவில்லை!

என்னை உண்மையில் உடைத்தது வேறொன்று. காயத்ரியின் புது டீமுக்கும் ஒரு கையேடு எழுத வேண்டியிருந்தது. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மதியம் அவர்களுடைய கமிட் மெசேஜ்களைத் திறந்தேன். அவள் பெயரைப் பார்த்ததும், இனி பிரச்னை இல்லை, புரிகிற மாதிரி இருக்கும் என்று சாய்ந்து உட்கார்ந்தேன்.

‘திருத்தம்’.

அதற்குக் கீழே, ‘திருத்தம்’. அதற்கும் கீழே, அதேதான். எல்லாம் காயத்ரி.

அவளிடம் போய்க் கேட்கவில்லை. கேட்டால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்கே தெரிந்திருந்தது. நாகர்கோவிலில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை கிடைத்திருப்பதாகக் கொஞ்ச நாளில் அவளே வந்து சொன்னாள். தினமும் ரயிலில் போய் வருவாளாம். சிரமமாச்சே என்றேன்.

“பரவால்லேக்கா. அங்க யாருக்கும் என்னைத் தெரியாது” என்றாள்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கேக் முடிந்து, நானும் அவளும் கீழே இறங்கி வந்தோம். வாசலில் பினு நின்றிருந்தார். கேக் வெட்டிய இடத்தில் அவரைக் காணவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

“காயத்ரி, ஒரு நிமிஷம்.” பினு எங்கள் பக்கம் வந்தார். “அந்த வரி... ஞான் தன்னே எழுதினது. மெசேஜ் கம்பெனிக்காரன் ஃபோன்ல சொன்னான், மெல்லெ அனுப்புன்னு. நல்ல மழை வர்ற மாதிரி இருந்துச்சு, பஸ் போயிடும்னு ஓடுற ஓட்டத்துல என்னமோ எழுதிட்டுப் போயிட்டேன். அந்த மீட்டிங்ல சொல்லியிருக்கணும். சொல்லலை. பிறகு ஷாஜி சார்கிட்ட போயி சொன்னேன். ரிப்போர்ட் போயாச்சு, இனி எதுக்கு கிளறணும்னு கேட்டாரு. ஞானும் விட்டுட்டேன்.”

காயத்ரி பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

“நீங்கதான் எழுதினேள்னு எனக்குத் தெரியும் பினு. பேர் இருந்ததே.”

“பின்னெ ஏன் மீட்டிங்ல ஒண்ணும் சொல்லலை?”

“நீங்களே சொல்வேள்னு நெனச்சேன்.”

பிறகு காயத்ரியே பேச்சை மாற்றினாள். “குழந்தை எப்படி இருக்கு? நடக்கறாளா?” என்று கேட்டாள். நடக்கிறாள் என்று பினு தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் பஸ் வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை நான் கணினியைத் திறந்தபோது டயாலிசிஸ் புரோகிராமில் ஒரு புது கமிட் மெசேஜ் இருந்தது. பினு எழுதியது. பழைய மெசேஜைத் திருத்தத்தான் முதலில் முயன்றிருக்கிறார். பலர் சேர்ந்து எழுதுகிற புரோகிராமில் அது கூடாது. ஒருவர் பழசைத் திருத்தினால் எல்லோரிடமும் இருக்கிற பிரதி குழம்பிவிடும். எழுதியது எழுதியதுதான். அதனால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு விளக்கம் சேர்த்து, அதற்குப் புதிதாக நீளமாக எழுதியிருந்தார். காத்திருப்பு ஏன் வேண்டும், எடுத்தால் என்ன ஆகும், எல்லாம். கடைசியில் இப்படி: ‘இதை நான் அன்றே எழுதியிருக்க வேண்டும். காயத்ரி கேட்டது சரியான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவன் நான்.’

அதைப் படமெடுத்துக் காயத்ரிக்கு அனுப்பினேன். வெகு நேரம் கழித்துப் பதில் வந்தது.

‘தெளிவா எழுதியிருக்கார். இனிமே வரவாளுக்குப் பிரயோஜனப்படும். எனக்குத்தான் லேட் ஆயிடுத்து.’

அந்தப் பக்கத்தை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பினுவின் நீளமான மெசேஜுக்கு மேலே, அதே காலையில் மற்றவர்கள் சேர்த்தவை வந்து விழுந்துகொண்டிருந்தன. ‘மாற்றம்’. ‘பேசியபடி’. ‘மாற்றம்’.

இவர்களில் யாரும் சோம்பேறி இல்லை. எழுதத் தெரியாதவர்களும் இல்லை. அன்றைய கூட்டத்தில் உட்கார்ந்து, திரையில் என்ன நடந்தது என்று கண்டு படித்தவர்கள்.

‘தெரியவில்லை’ என்று எழுதியவரை ஒரு தடவை கூண்டில் ஏற்றிப் பாருங்கள் — மறுநாளிலிருந்து உங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடும்!